கிட் முதல் கண்காட்சி மேசை வரை: ஸ்கேல் மாடல் கட்டுவோருக்கு 33 குறிப்புகள்

விமானம், டாங்கி, கப்பல், கார் என்று பிளாஸ்டிக் மாடல் கட்டுபவர் இருக்கும் வீட்டில் இரண்டு கேள்விகள் அடிக்கடி கேட்கும். "இந்தப் பெட்டியெல்லாம் எப்பத்தான் முடிப்பீங்க?" என்பது ஒன்று. "என் நெயில் கட்டர் எங்க போச்சு?" என்பது இன்னொன்று. இந்தப் பொழுதுபோக்கில் கிட்டுக்கு ஆகும் செலவைவிட, ஒருமுறை பயன்படுத்திவிட்டு மூலையில் போடும் கருவிகளுக்கு ஆகும் செலவே கையைக் கடிக்கும். அதனால் எங்கள் கிளப்பில் ஒரு வரிசை வைத்திருக்கிறோம்: முதலில் வீட்டில் தேடு, கிடைக்காவிட்டால் கிளப்பில் கேள், கடைக்குக் கடைசியாகப் போ. கீழே உள்ளவை அந்த வரிசைப்படி நடந்து பலன் கண்டவை.

வாங்கும் முன்

1. முதலில் அலமாரியை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் ஸ்கேலைத் தேர்ந்தெடுங்கள். 1/72-இல் 6 அடி மனிதர் 1 அங்குல உயரம் இருப்பார். 1963-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்து 2025 செப்டம்பரில் விடைபெற்ற மிக்-21 விமானத்தின் இறக்கை, முனைக்கு முனை 7.15 மீட்டர். அதுவே 1/72-இல் சுமார் 10 செ.மீ., 1/48-இல் 15 செ.மீ., 1/32-இல் 22 செ.மீ. கப்பல்களுக்கு 1/700, 1/350 இரண்டும் பரவலானவை. இடம் குறைவான வீட்டுக்கு 1/72 விமானமும் 1/700 கப்பலும் ஏற்றவை.

2. டாங்கி, ஜீப் பிரியர்கள் 1/35-ஐத் தேர்ந்தெடுத்தால் துணைப் பொருள்களுக்குப் பஞ்சமே வராது. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியை வடிவமைத்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்பதற்காக அமைந்த அளவு இது. பிறகு மற்ற நிறுவனங்களும் அதையே பின்பற்றின. வீரர்கள், பீப்பாய்கள், மரப்பெட்டிகள் எல்லாமே இந்த அளவில் கிடைக்கின்றன.

3. முதல் கிட்டாக ஒற்றை இன்ஜின் போர் விமானம் ஒன்றை எடுங்கள். கம்பிகள் இழுத்துக் கட்டிய இரட்டைத் தட்டு இறக்கை விமானத்தையும், ஜன்னல்கள் நிறைந்த குண்டுவீச்சு விமானத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிறு பிள்ளைகளுக்குப் பசையே தேவைப்படாத, அழுத்தினால் பொருந்தும் ஸ்னாப்-ஃபிட் கிட் நல்லது. பண்டாய் நிறுவனத்தின் 'கண்டம்' (Gundam) ரோபோ கிட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

4. பெட்டியின் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பல பத்தாண்டுகள் பழைய அச்சில் வார்த்த கிட்டையே புதுப் பெட்டியில் போட்டு விற்பது இந்தத் தொழிலில் சகஜம். உடலின் மேல் தகட்டுக் கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருந்தால் பெரும்பாலும் பழைய அச்சு. பணம் கட்டுவதற்கு முன் கிளப் குழுவில் ஒரு வார்த்தை கேளுங்கள். அதைக் கட்டி அவதிப்பட்டவர் ஒருவராவது இருப்பார்.

5. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டங்களைச் செய்முறைத் தாளோடு ஒப்பிட்டு எண்ணிவிடுங்கள். குறை இருந்தால் அன்றே கடைக்காரரிடம் சொல்லலாம். பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு இரண்டு வருடம் கழித்துச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வேலை செய்யும் இடம்

6. தனி மேசை இல்லையா? விளிம்பு உயர்ந்த பெரிய பிளாஸ்டிக் டிரே ஒன்று போதும். உருண்டோடும் பாகங்களை விளிம்பு தடுத்துவிடும். சாப்பாட்டு நேரம் வந்தால் வேலையைக் கலைக்காமல் அப்படியே தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

7. மடியில் வெளிர் நிறப் பழைய வேட்டி ஒன்றை விரித்து, அதன் மறுமுனையை டிரேயின் கீழே செருகிக்கொள்ளுங்கள். தவறி விழுவது மடியோடு நின்றுவிடும். அதையும் தாண்டித் தரைக்குப் போய்விட்டால், விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடியுங்கள். கடுகளவு பாகத்துக்கும் நீண்ட நிழல் விழும். கண்டுபிடிக்கும்வரை துடைப்பத்தை எடுக்கக் கூடாது.

8. பிளாஸ்டிக் சிமென்ட், தின்னர் இரண்டின் ஆவியும் தலைவலி தரும். ஜன்னல் பக்கம் உட்காருங்கள். ஏர்பிரஷ் அடிக்கும்போது எக்ஸாஸ்ட் விசிறி ஓடட்டும். சாதாரணத் துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. கார்பன் கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க்தான் தடுக்கும். ரெசின் பாகங்களை எப்போதும் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

9. மழுங்கிய பிளேடு வழுக்கிக் கையைக் கிழிக்கும். கத்திக்கு அடிக்கடி புது பிளேடு மாற்றுங்கள். கழற்றியதைக் குப்பையில் அப்படியே போடாமல், மூடியுள்ள பழைய மாத்திரை டப்பாவில் சேர்த்து வையுங்கள். குப்பை அள்ளுபவரின் கையும் நம் கை போன்றதுதான்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

10. பாகங்களைச் சட்டத்தோடு சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எடுப்பதற்காகப் பூசிய எண்ணெய் போய்விடும், பெயிண்ட் உரியாது. சிங்க்கின் வாயில் வடிகட்டி வைக்க மறக்காதீர்கள்.

11. பாகத்தை ஒரே வெட்டில் எடுக்காதீர்கள். முதலில் சற்றுத் தள்ளி வெட்டிச் சட்டத்திலிருந்து பிரியுங்கள்; மிச்சமிருக்கும் கட்டையை இரண்டாவது வெட்டில் நெருக்கமாக எடுங்கள். ஒரேயடியாக நெருக்கி வெட்டினால் பாகத்தில் வெள்ளைத் தழும்பு விழும், சில நேரம் பள்ளமே விழும். நல்ல நிப்பர் வாங்கும்வரை நெயில் கட்டர் உதவும். ஆனால் இதற்கென்று தனியாக ஒன்றை வைத்துக்கொண்டால் வீட்டில் நிம்மதி.

12. தேய்ப்பதற்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பர் போதும். 400-இல் தொடங்கி 600, 1000 என்று ஏறி 1200-இல் முடியுங்கள். ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டிக்கொண்டால் தட்டையான பரப்பு தட்டையாகவே இருக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூளும் பறக்காது.

13. விமானத்தின் உடல் பெரும்பாலும் இடம், வலம் என இரு பாதிகளாக வரும். ஒட்டும் முறையை இங்கே நிதானமாகப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். விரல் இணைப்புக் கோட்டின் மேல் இருக்கக் கூடாது. நீர் போன்ற சிமென்டில் தோய்த்த பிரஷ் நுனியைக் கோட்டின் ஒரு முனையில் தொடுங்கள். திரவம் தானாகவே இடுக்கில் ஓடும். சில விநாடிகள் விட்டு மெல்ல அழுத்தினால், இளகிய பிளாஸ்டிக் கோடு நெடுக மெல்லிய மணியாகப் பிதுங்கும். அதைத் துடைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தால், கோடு இருந்த இடமே தெரியாது. விரல் கோட்டின் மேல் இருந்திருந்தால் சிமென்ட் அதன் அடியில் புகுந்து, உங்கள் கைரேகையை விமானத்தில் நிரந்தரமாகப் பதித்துவிடும்.

14. கோடு மறைந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ட்யூப்லைட்டுக்குக் கீழே உடலை மெல்லத் திருப்புங்கள். விளக்கின் பிரதிபலிப்பு உடையாமல் வளைந்து போனால் சரி. ஓரிடத்தில் நெளிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும்.

15. விமானி அறையின் கண்ணாடி போன்ற ஒளிபுகும் பாகங்களுக்கு சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி படிந்து வெள்ளையாக மங்கிவிடும். வீட்டிலுள்ள ஃபெவிகாலைப் பல்குச்சி நுனியில் தொட்டு ஒட்டுங்கள். காய்ந்ததும் நிறமில்லாமல் தெளிந்துவிடும். தவறினால் ஈரத் துணியால் துடைத்து மறுபடி ஒட்டலாம்.

16. சூப்பர் க்ளூ கொட்டினால் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் அது சட்டெனச் சூடாகித் தோலைச் சுட்டுவிடும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்லப் பிரியுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரும் உதவும்; ஆனால் அது மாடலின் மேல் பட்டால் பிளாஸ்டிக் கரையும்.

17. இடைவெளி அடைக்க: வெட்டிப் போட்ட சட்டத் துண்டுகளைப் பொடியாக நறுக்கி, பாதி காலியான சிமென்ட் பாட்டிலில் போட்டு ஓரிரு நாள் விடுங்கள். குழம்பாகும் அந்தக் கலவை நல்ல புட்டி. காய்ந்தால் அதே பிளாஸ்டிக்தான். அவசரத்துக்கு, பள்ளத்தில் சூப்பர் க்ளூ விட்டு மேலே ஆப்ப சோடாவைத் தூவினால் உடனே இறுகும். ஆறப்போடாமல் தேய்த்துவிடுங்கள், நேரமானால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும்.

18. மூக்குச் சக்கரம் உள்ள விமானங்கள் பல, வால் கனத்து உட்கார்ந்துவிடும். உடலை மூடும் முன்பே மூக்கில் பாரம் வையுங்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டுகள் நல்லவை. தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டு வைத்தால் ஃபெவிகாலில் ஒட்டாதீர்கள். அந்தப் பசையோடு ஈயம் மெல்ல வினைபுரிந்து உப்பி, சில ஆண்டுகள் கழித்து மூக்கையே பிளந்துவிடும். சூப்பர் க்ளூவோ எபாக்ஸியோ போடுங்கள்.

19. ஆன்டெனாக் கம்பிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சட்டத்தின் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே உருட்டிக் காட்டுங்கள். பளபளத்துத் தொய்யும்போது சுடரை விட்டு விலக்கி இரு பக்கமும் இழுத்தால் முடியளவு இழை வரும். வேகமாக இழுத்தால் மெல்லியது, நிதானமாக இழுத்தால் தடித்தது.

பெயிண்டும் டெகாலும்

20. காலியான மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு குழியும் ஒரு பெயிண்ட் கிண்ணம். கோடைக்காலத்தில் அக்ரிலிக் பெயிண்ட் பிரஷ் நுனியிலேயே காய்ந்துவிடும். டிபன் டப்பாவில் ஈர டிஷ்யூ விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டுக் கலந்தால் நீண்ட நேரம் ஈரமாக இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் பயன்படும்.

21. எந்தப் பெயிண்டுக்கு எந்தத் தின்னர் என்பதைப் புட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். எனாமலுக்கு டர்பன்டைன். அக்ரிலிக்கில் சில வகைக்கு நீர் போதும், சில ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரையும். வகை மாறினால் ரப்பராகத் திரண்டு ஏர்பிரஷை அடைத்துவிடும். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் பிளாஸ்டிக்கையே கரைக்கும். அதை ஏர்பிரஷின் உலோக பாகங்களைக் கழுவ மட்டும் வையுங்கள்.

22. ஏர்பிரஷுக்குப் பெயிண்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும். அழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும். முதலில் பழைய அட்டையில் அடித்துப் பாருங்கள். சிலந்திக்கால் போலக் கோடுகள் ஓடினால் நீர்த்துவிட்டது அல்லது மிக அருகில் அடிக்கிறீர்கள். தூளாக உதிர்ந்தால் கெட்டி அல்லது தூரம் அதிகம்.

23. அடைமழை நாளில் லாக்கரோ ஸ்ப்ரே வார்னிஷோ அடித்தால், காற்றின் ஈரம் படிந்து வெண்படலம் பூக்கும். சென்னைவாசிகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு அடியுங்கள். அடித்ததும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடினால் தூசி ஒட்டாது.

24. மாஸ்கிங் டேப்பை முதலில் உள்ளங்கையில் ஒட்டி எடுத்து, பிறகு மாடலில் ஒட்டுங்கள். பசையின் வேகம் குறைந்து, அடியில் உள்ள பெயிண்டைப் பிய்க்காது. டேப்பின் ஓரத்தில் முதலில் அடிநிறத்தையே மெல்ல அடித்துவிட்டால், அடுத்த நிறம் உள்ளே கசியாது.

25. பெயிண்ட் கெட்டுவிட்டால் கிட்டைத் தூக்கிப் போட வேண்டாம். நீர் கலக்காத டெட்டாலில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். அக்ரிலிக், எனாமல் இரண்டும் பெரும்பாலும் உரியும். முதல் சுற்றைத் தேய்ப்பதும் டெட்டாலில்தான். நடுவில் தண்ணீர் பட்டால் பிசினாகிவிடும். எல்லாம் வந்தபிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். கையுறை அவசியம்.

26. நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களான டெகால்களை ஒட்டுவதில்தான் பலருக்குக் கை நடுங்கும். மாடலுக்கு முதலில் பளபளப்பான வார்னிஷ் அடியுங்கள். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி நிறமாக மின்னும். டெகாலை வெட்டி, வெதுவெதுப்பான நீரில் 20 முதல் 30 விநாடி நனைத்து, டிஷ்யூ மேல் வைத்துக் காத்திருங்கள். விரலால் தொட்டால் நகரும் நிலை வரும்வரை அவசரப்படாதீர்கள். ஒட்டும் இடத்தில் ஒரு சொட்டு நீர் விட்டு, தாளைப் பக்கத்தில் வைத்து, பிரஷால் டெகாலைத் தள்ளி இறக்குங்கள். சரியான இடத்தில் வந்ததும் பட்ஸை நடுவிலிருந்து ஓரமாக உருட்டி நீரை வெளியேற்றுங்கள். மேடு பள்ளங்களில் படியாவிட்டால், செட்டிங் திரவம் இல்லாத நேரத்தில், நீர் கலந்த வெள்ளை வினிகரைத் தொட்டு வையுங்கள். டெகால் இளகிப் படியும். மஞ்சள் படிந்த பழைய டெகால் தாளை ஜிப் கவரில் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் சில நாள்களில் வெளுக்கும்.

27. களக்காட்சி அமைக்க அடுப்பங்கரையே போதும். வடிகட்டிய டீத்தூளை நன்றாக வெயிலில் காயவைத்தால் உதிர்ந்த இலைகள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். தென்னை நாரை நறுக்கிச் செருகினால் உயர்ந்த காய்ந்த புல். வண்ணச் சாக்பீஸை உரசிய தூள், சக்கரத்தில் படிந்த புழுதி.

பாதுகாக்க

28. மாடல் வைத்த அலமாரியில் அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பல்லி நுழையாதபடி கண்ணாடிக் கதவை இறுக மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். நேர் வெயில் பட்டால் டெகால் மஞ்சளாகும், சிவப்பு வெளிறும். தூசி தட்ட மேக்கப் பிரஷ் நல்லது.

29. கட்டாத கிட்டுகளில் வினைல் டயர், டிராக் இருந்தால் தனிக் கவரில் பிரித்து வையுங்கள். வினைலில் உள்ள மென்மையாக்கும் எண்ணெய் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். டெகால் தாளையும் ஜிப் கவரில் போடுங்கள். பூச்சிக்கு அந்தப் பசை பிடித்த தீனி. ஓட்டுக்குக் கீழே கொதிக்கும் பரணைவிடக் கட்டிலுக்கு அடி மேல்.

கிளப்பில்

30. தினமும் தேவைப்படும் கருவி சொந்தம். எப்போதாவது தேவைப்படுவது பொது. நிப்பர், கத்தி, பிரஷ் அவரவருடையது. கம்ப்ரசர், போட்டோ எட்ச் உலோகத் தகடுகளை மடிக்கும் கருவி, வட்டம் வெட்டும் பஞ்ச் போன்றவற்றைச் சேர்ந்து வாங்குங்கள். யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்பும் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கழுவாமல் திருப்பித் தருபவர் அடுத்த கூட்டத்துக்குத் தின்னர் வாங்கி வர வேண்டும் என்று விதி வைத்தால், ஏர்பிரஷ் பளிச்சென்றே வரும். மிஞ்சிய சக்கரம், ஏவுகணை, டெகால்களுக்கும் ஒரு பொதுப்பெட்டி வையுங்கள். ஒருவர் உபரியாக ஒதுக்கிய பாகத்தைத்தான் இன்னொருவர் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்.

31. எல்லோரும் ஒரே கிட்டைச் சேர்ந்து கட்டிப் பாருங்கள். மிக்-21 போல நாடுகள் பலவும் ஓட்டிய விமானமாக இருந்தால், அச்சு ஒன்றானாலும் ஆளுக்கொரு நாட்டின் வண்ணம் வரும். எந்தப் பாகம் பொருந்தாது என்பதை முதலில் கட்டுபவர் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார். இதனால் மிச்சமாகும் நேரம் கொஞ்சமல்ல. கெடு வைக்காவிட்டால் யாரும் முடிக்க மாட்டார்கள். நிஜமானவற்றை நேரில் பார்க்க வேண்டுமானால், விசாகப்பட்டினத்தில் குர்சுரா நீர்மூழ்கியும் டியு-142 விமானமும் அருங்காட்சியகங்களாக நிற்கின்றன. அளவுகோலும் கேமராவும் எடுத்துச் செல்லுங்கள். சக்கரக் குழியின் உள்புறம் எந்தப் பெட்டியின் மேலட்டையிலும் இருக்காது.

32. இன்னொருவர் மாடலைக் கேட்காமல் தொடாதீர்கள். அனுமதி கிடைத்தாலும் அடிப்பலகையைப் பிடித்தே தூக்குங்கள். கருத்துச் சொல்லும்போது நன்றாக வந்ததை முதலில் சொல்லி, பிறகு ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். இணைப்புக் கோடு, இரு இறக்கையின் சாய்வு, எல்லாச் சக்கரமும் தரையைத் தொடுகிறதா என்ற மூன்றும் அடிப்படை. ஆணி எண்ணிக்கை சரியா என்ற வாதத்தைப் புதியவரிடம் கிளப்பினால் அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். கண்காட்சிக்கும் இதே மரியாதைதான். பிரிட்டனில் 1963-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் பிளாஸ்டிக் மாடலர்ஸ் சொசைட்டி நவம்பரில் டெல்ஃபோர்டில் நடத்தும் கண்காட்சியிலும், மே மாதம் ஜப்பானின் ஷிஸுவோகாவில் நடக்கும் ஹாபி ஷோவிலும் கிளப்புகள் தத்தம் மேசைகளில் மாடல்களைப் பரப்பி வைக்கின்றன. நீங்களும் ஒரே நிறத் துணி விரித்து, பெயரும் ஸ்கேலும் எழுதிய அட்டை வையுங்கள். பதில் சொல்ல ஒருவர் எப்போதும் மேசையருகில் இருக்கட்டும். கொண்டுபோகும்போது மாடலை அடிப்பலகையோடு டப்பாவின் தரையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். சுற்றிப் பஞ்சு அடைத்தால் ஆன்டெனா மாட்டிக்கொண்டு முறியும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும்.

33. வருடத்துக்கு ஒருமுறை, இனி கட்டப் போவதில்லை என்று உங்களுக்கே தெரிந்த கிட்டுகளைக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். முழுதாக இருப்பதை நியாயமான விலைக்கு விற்கலாம், பண்டமாற்றும் செய்துகொள்ளலாம். பாகம் குறைந்ததைப் பெயிண்ட் அடித்துப் பழக இளையவர்களிடம் கொடுத்துவிடுங்கள். முதல் நாளே இரண்டாயிரம் ரூபாய் கிட்டில் கைவைக்கச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் பயம் வரும். மிச்சமிருக்கும் கிட்டுகளைப் பட்டியலிட்டு, கிளப்பில் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதோடு வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். எதற்கு மதிப்பு, எதைப் பழைய பேப்பர்காரரிடம் போடலாம் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.